மிதக்கும் கட்டிலும் கிணற்றடிப் பாசியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அப்பா வெள்ளத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடுவார். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில், பொருள்களை வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்குவது அவர் வேலை. பியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் லாரி குலுங்கலில் எப்படியெல்லாம் உடையக்கூடும் என்று பகல் முழுக்க யோசிப்பவர், வீட்டுக்கு வந்தும் அதை நிறுத்தவில்லை. வீட்டில் உடையக்கூடிய பொருள்களாக நாங்கள் இருந்தோம்.

ரேஷன் கார்டு பாலிதீன் உறைக்குள் போய் உத்தரத்தில் தொங்கும். அரிசி பரணுக்கு ஏறும். எல்லாவற்றையும் மிஞ்சியது எங்கள் மரக்கட்டில். அதன் நான்கு கால்களிலும் காலி எண்ணெய் டின்களை வாயடைத்து, மெழுகு உருக்கி ஊற்றிக் கட்டியிருந்தார். தண்ணீர் வந்தால் அது மிதக்குமாம். நானும் தம்பியும் அதன்மேல் அசையாமல் உட்காரப் பழக வேண்டும். தம்பி சிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பள்ளித் தோழிகள் யாராவது வந்தால் நான் வாசலோடு பேசி அனுப்பிவிடுவேன்.

எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. மணிமுத்தாறு எங்கோ கிடந்தது.

"ஆறு நம்ம வூட்டுக்கு வரணும்னா ஜங்ஷன்ல எறங்கி ஆட்டோ புடிச்சுத்தாங்க வரணும்," என்பாள் அம்மா.

அவளுடைய கவலை வேறு. கிணற்றடித் தளம் விரிசல் விட்டு, தண்ணீர் தேங்கிப் பாசி படர்ந்திருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளில் மறுபடி பச்சை.

"ஏங்க, கெணத்தாண்ட கால் வெக்க முடியல. கொஞ்சம் சிமெண்டு வாங்கிப் பூசி வுடுங்களேன்."

"பாத்து நடந்தா வுழ மாட்ட. வெள்ளம் என்னா சொல்லிட்டா வரும்?"

ஒருநாள் சிமெண்ட் வந்தே விட்டது. அம்மா முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அப்பா அதைக் குழைத்து, வாசற்படியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டினார். வெள்ளம் வந்தால் அங்கேயே நின்றுவிடுமாம். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அதில் தடுக்கித் தடுக்கித்தான் வீட்டுக்குள் போனோம். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

பிறகு, புயல் கடலூர்ப் பக்கம் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா லீவு போட்டார். கொட்டுகிற மழையில் டின்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "வெள்ளம் வந்துட்டா கெணத்துத் தண்ணி கெட்டுப்புடும். எல்லாக் கொடத்துலயும் ரொப்பி வச்சிடு," என்றார்.

"இந்த மழையிலயா?"

"பின்ன, வெள்ளம் வந்த பொறவா?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் குடம் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தபோது பாசியின்மேல் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு இருக்கக்கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஏற்பாடு வைத்திருந்த அப்பா குடைகூட எடுக்காமல், செருப்பில்லாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. வாசல் தடுப்பைத் தொட ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை.

மறுநாள் காலை திட்டக்குடியிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன், அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அப்பாவை அவர் என்றுமே மதித்ததில்லை. அப்பா பெஞ்சின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

"எப்புடிம்மா வுழுந்த?" என்று கேட்டுக்கொண்டே மாமா அப்பாவைத்தான் பார்த்தார்.

பாசி, சிமெண்ட், டின் எல்லாம் இப்போது வெளியே வரும். அப்பாவுக்கு நன்றாக வேண்டும் என்று காத்திருந்தேன்.

"ரோட்டுல ஒரு சைக்கிள்காரன் வந்தாண்ணே. ஒதுங்கப் போயி வுழுந்துட்டேன்," என்றாள் அம்மா.

"இல்ல மாமா, கெணத்தாண்ட..."

அம்மாவின் இடது கை என் தொடையை நறுக்கென்று கிள்ளியது. "நீ கண்டியாடி? தம்பி எங்கன்னு போயிப் பாரு."

மாமா ஊரிலுள்ள சைக்கிள்காரர்களையெல்லாம் திட்டத் தொடங்கினார். அப்பா முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "டீ ஆறிப்போச்சு பாருங்க. குடிங்க."

அந்த வாரமே அப்பா கிணற்றடியைக் கொத்திச் சொரசொரப்பாகப் பூசி முடித்தார். இந்த முறை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஓயாமல் அப்பாவைக் குறை சொன்னவள், சொல்ல வேண்டிய இடத்தில் இல்லாத ஒரு சைக்கிள்காரனைக் கொண்டுவந்து நிறுத்துவானேன்? போனது கையோடு போகட்டும், அண்ணன் முன்னால் அவர் மானமும் போக வேண்டாம் என்று அவள் நினைத்திருப்பாள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. எதற்குப் பயப்படுவது என்று இவர்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை என்று தீர்மானித்து, எரிகிற தொடையைத் தேய்த்துக்கொண்டே தம்பியைத் தேடிப் போனேன்.