ஐந்தாவது பெயர்

ஒருவர் இறந்துவிட்டார் என்று கல்லில் எழுதும் உரிமை யாருக்கு உண்டு? எழுபதுகளின் இறுதியில், எங்கள் மீனவக் குப்பத்தில் நினைவுக்கல் ஒன்றை நட்டு முடித்த பிறகே இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. முன்பே எழுந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுக்காரர்களுக்காகப் போரிட்டு மாண்டவர்களுக்குத் தூண்களோடு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. கல்லூரி நாட்களில் அதைக் கடந்துதான் போவேன். எங்கோ செத்தவர்களுக்குக் கல் இருக்கிறது, கண்ணெதிரே புயலில் போன எங்கள் ஆட்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லையே என்று மனம் கசக்கும். குப்பத்தின் முதல் பட்டதாரி நான். இளைஞர் மன்றத்தின் செயலாளரும் நானே. பெயர்ப்பட்டியலை யாரையும் கேட்காமல் எழுதினேன்.

கல் நடுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், புயலில் ஒரே படகில் போனவர்கள் ஐவர். நால்வரின் உடல் கரை ஒதுங்கியது. ஐந்தாமவருடையது வரவில்லை. உடலைப் பார்க்காமல் தாலியைக் கழற்றுவதில்லை என்பது எங்கள் குப்பத்து வழக்கம். அவர் மனைவி பொட்டும் பூவுமாகவே மீன்கூடை சுமந்து சந்தைக்குப் போய்வந்தார். உறவினர் யாரும் தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. எனக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆனால் படித்த என் கண்ணுக்கு அது அறியாமையாகப் பட்டது.

கல் வெட்டியவர் ஒருமுறை தயங்கினார். "நாலா, அஞ்சா? கரைக்கு வந்தது நாலுன்னு சொல்றாங்களே."

ஐந்து என்றேன்.

திறப்பு நாளில் அந்தப் பெண்மணியும் வந்திருந்தார். படிக்கத் தெரியாதவர், பக்கத்தில் நின்றவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"கடலே இன்னும் ஒண்ணும் சொல்லல தம்பி. நீ எதப் பாத்து எழுதன?"



அந்த வாரமே புகுந்த வீட்டார் கூடினார்கள். படிச்ச பிள்ளையே கல்லில் வெட்டிவிட்டான், இனி எதற்கு மஞ்சள் கயிறு என்று மாமியார் கேட்டாராம். தாலி இறங்கியது.

கல் வெட்டியவரை மறுபடி அழைத்து ஐந்தாவது பெயரைக் கொத்தி எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நான்கு பெயர்களைவிட அந்தப் பள்ளமே முதலில் தெரிந்தது. பெயரை எடுக்க முடிந்தது; தாலியைத் திரும்பக் கட்ட யாராலும் முடியவில்லை.

அதன்பிறகு அந்தப் பெண்மணி கல் இருந்த பக்கம் வந்ததே இல்லை. பின்தெருவைச் சுற்றிக்கொண்டே சந்தைக்குப் போனார். எண்பதுகளில் இன்னொரு படகு கவிழ்ந்தபோது, கல்லில் பெயர்களைச் சேர்க்கும்படி மன்றத்தார் சொன்னார்கள். நான் முதலில் போனவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். இரண்டு வீடுகளில் வேண்டாம் என்றார்கள். அந்த இரண்டு பெயர்களையும் எழுதவில்லை.