இரட்டைச் சாய்கோட்டு றிக்சன்

முற்பகல் பதினொன்றே காலுக்கு, பாடசாலை இடைவேளை முடிகிற நேரத்தில், றிக்சன் இறந்த செய்தி ஷாமிலாவின் கைபேசிக்கு வந்தது. வந்த இடம் அவர்களுடைய கணினி மொழிக் குழுவின் வட்சப். முழு எண் வகுத்தலுக்கு எந்தக் குறி என்ற வாக்கெடுப்பு அங்கே இன்னொரு தடவையாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மாரடைப்பு என்று ஒரு வரி. அந்த வரிக்கும் யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். பழக்கதோஷம்.

பாலையூற்று றிக்சன், துறைமுகத்தில் கொள்கலன் லொறிகளை நிறுக்கும் கணினிக்கு முன்னால் பகல் முழுக்க இருந்தவர். பின்னேரங்களில் உலகத்தைத் திருத்தினார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுத ஒரு மொழி வேண்டும் என்று தோன்றியது. தானே செய்தும் விட்டார். அந்த மொழிக்கு 'எனில்', 'இல்லாவிட்டால்' எல்லாம் நன்றாக விளங்கின. செய்தவருக்குத்தான் விளங்காது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூதூரில் கணினி படிப்பிக்கும் ஷாமிலாதான் அந்த மொழிக்குக் கிடைத்த ஒரே ஆசிரியை. மொழியின் முதல் பதிப்பு அடுத்த தவணைக்குள் அவளுடைய பிள்ளைகளுக்குப் போய்ச்சேர வேண்டும். தடையாக நின்றது ஒரேயொரு குறி. 7-ஐ 2-ஆல் வகுத்தால் மூன்றரை. அரையை விட்டுவிட்டு மூன்றை மட்டும் தருகிற வகுத்தலுக்கான குறி. 'ஈவு' என்று சொல்லாகவே வைப்போம், பிள்ளைகள் கணிதப் பாடத்தில் படிக்கிற சொல்தானே என்றாள் அவள். இரட்டைச் சாய்கோடு, அதாவது //, என்றார் அவர். வெளியுலகத்துப் பெரிய மொழி ஒன்றில் அப்படித்தானாம்.

சிக்கல் என்னவென்றால், குறிப்புரை எழுதுவதற்கும் அவரே முன்பு அதே இரட்டைச் சாய்கோட்டை வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் வருவதைக் கணினி வாசிக்காது. பன்னிரண்டு மீனை ஐந்து பேருக்குப் பங்கிடச் சொல்லிப் பார்த்தாள் ஷாமிலா. கணினி ஐந்து பேரையும் குறிப்புரை என்று விழுங்கிவிட்டு, ஆளுக்குப் பன்னிரண்டு மீன் என்றது. கொட்டியாரக் குடாவில் அப்படியொரு மீன்பாடு யாரும் கண்டதில்லை.

"பிள்ளையளுக்குச் சந்தோசந்தானே, ரீச்சர்," என்றார் றிக்சன்.

பிழை என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. குறிப்புரைக்கு வேறு குறி வைப்போம், எழுதி முடித்த பாடங்களையெல்லாம் மாற்றுவோம் என்றார். ஈவு என்று வைத்தால் பிள்ளைகள் கூடவே இரக்கத்தையும் தேடுவார்கள் என்று பகிடி வேறு. மிச்சத்தைத் தூக்கி எறிகிற கணக்கில் இரக்கம் எங்கே கிடக்கிறது என்று இவள் திருப்பிக் கேட்டாள். குழுத் தலைவர் முனாப் சேர், ஓய்வுபெற்ற அதிபர், அந்த மொழியை ஒருநாளும் திறந்து பார்க்காதவர், இரு தரப்பையும் வாழ்த்திக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இனி அந்த மொழியில் கைவைக்கத் தெரிந்த ஆள் ஷாமிலா மட்டுந்தான். செத்தவீட்டில் அவள் கதிரையில் இருந்ததும் முனாப் சேர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, றிக்சனின் நினைவாக அந்த இரட்டைச் சாய்கோட்டையே வைத்துவிடுவோம் என்றார். சூழ இருந்த குழுக்காரர் உருக்கமாகத் தலையாட்டினார்கள். உயிரோடு இருந்தவரைக் 'கோட்டுக்காரன்' என்று நக்கலடித்தவர்களும் இவர்களேதான்.

"அத வச்சா ஆளுக்குப் பன்னிரண்டு மீன், சேர்."

"இந்த நேரத்தில மீன் கதை எதுக்கு? மௌத்தான மனிசன்ட ஆசையைத் தட்டலாமா, ஷாமிலா?"

"உசிரோட இருக்கக்குள்ளயே தட்டினனான். இப்ப ஓம் எண்டு சொன்னா றிக்சன் அண்ணனுக்கே சந்தேகம் வரும்."

பெட்டியருகே இருந்த ஜெசிகா, றிக்சனின் மனைவி, அழுதழுது வீங்கிய முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"உங்களோட சண்டை பிடிக்கிறதுக்கெண்டே பின்னேரத் தேத்தண்ணியை நிண்டபடி குடிப்பார், ரீச்சர்," என்றாள். "இனி ஆரோட பிடிக்கப்போறியள்?"



மறுநாள் பாடசாலை விட்டதும் கணினி அறையில் இருந்து 'ஈவு' என்று எழுதி முடித்தாள். சரியாக வேலை செய்தது. குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் கட்டைவிரலைத் தூக்கினார்கள். முனாப் சேர் வாழ்த்துக் குரல்பதிவு அனுப்பினார். எதிர்த்து ஒரு சொல் வரவில்லை. இவ்வளவு மலிவான வெற்றி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எழுதிய இடத்துக்கு அடுத்த வரி மறை எண்களுக்கானது. -7-ஐ 2-ஆல் வகுத்தால் -3.5. அரையை வெட்டிவிட்டு ஈவு -3 என்பதா, கீழே இறக்கி -4 என்பதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. இரண்டின் பக்கமும் நிற்கிற கணினி மொழிகளும் உண்டு. அவளுக்கு -3. அவர் நிச்சயம் -4 என்றிருப்பார்.

முதல் பதிப்பு பிள்ளைகளிடம் போய்விட்டது. மறை எண்களுக்கான வரி இன்னும் எழுதப்படவில்லை.