எலினாவுக்காக எட்டு ஞாயிறு

ஜீவமணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். தம்பிமார் இருவரையும் படிக்கவைத்துக் கரையேற்றினாள். அவர்கள் பம்பாய்க்குப் போய், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்குக் கல்யாணப் பேச்சை எடுக்க ஆளில்லை. பதினோரு வருஷம் எங்கள் சபையில் இருந்தவள். அவள் வீட்டுப் படியை நாங்கள் ஒருவரும் மிதித்ததில்லை. போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் ஒரு ஞாயிறு, ஜெப விண்ணப்பப் பெட்டியில் அவள் ஒரு சீட்டுப் போட்டாள். சுகவீனமாயிருக்கும் சகோதரி எலினாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்று. போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் வாசித்தார், சபையே முழங்காலில் நின்றது. இப்படி எட்டு ஞாயிறு. எங்கள் பெண்களுக்கு வைக்கிற பெயர்தானே, சாத்தான்குளத்தை அடுத்த நாசரேத் பக்கம் யாரோ சொந்தம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது ஞாயிறு, எலினா நித்திரையடைந்துவிட்டதாகச் சீட்டு வந்தது. துக்க வீட்டுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடி, ஜெபம்பண்ணிவிட்டு வருவது எங்கள் வழக்கம். சாயங்காலம் பெண்கள் சங்கத் தலைவி கிரேசி அக்காவோடு நாலு பேர் போனோம்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி ஐந்து நாற்காலி போட்டிருந்தாள். மேஜையில், வேதப்புத்தகத்தின் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம். தோள் தெரிய ஒரு வெள்ளைக்காரி.

கிரேசி அக்கா நல்லவிதமாகத்தான் கேட்டாள். "ஏளா, ஒனக்கு இவ என்ன வேணும்? கூடப் படிச்சவளா?"

ஆமாம் என்றிருந்தால் போதும். நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

"இல்லக்கா. சினிமால நடிச்சவ."

பிறகு கதை முழுவதையும் சொன்னாள். துணிக்கடையில் வேலை பார்த்த பெண், பத்தொன்பது வயதில் ஹாலிவுட் போயிருக்கிறாள். முப்பது படம், மூன்று கல்யாணம். நாற்பது தாண்டியதும் ஸ்டுடியோக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். கடைசியில் ஒற்றை அறையில் புற்றுநோயோடு கிடந்தாள். கப்பல்காரர்கள் விட்டுப்போகும் பத்திரிகைகளில் ஜீவமணி இதையெல்லாம் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறாள். சனிக்கிழமைக் காலைக் காட்சிக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் படமும் பார்த்திருக்கிறாள். சினிமாவுக்குப் போனது தெரிந்தால் எங்கள் சபையில் நற்கருணை அப்பம் கிடையாது. தெரிந்தேதான் சொன்னாள்.

"அவளுக்கும் யாரும் இல்லக்கா. அதான் நம்ம சபைல சொன்னேன்."

சபையையே ஒரு கூத்தாடிக்கு முழங்கால் போடவைத்தாயே என்று கிரேசி அக்கா எழுந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

"ஒரு பாட்டாவது பாடிட்டுப் போங்கக்கா," என்றாள் ஜீவமணி.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் பாட ஆரம்பித்தது கேட்டது. பாடகர் குழுவில் அவள் ஆல்டோ, மெட்டுக்குக் கீழே துணையாகப் போகும் குரல். மற்றவர்கள் மெட்டைப் பாடினால்தான் அது பாட்டு. தனியாகக் கேட்டால் என்ன பாட்டென்றே பிடிபடாது. எனக்குப் பிடிபட்டது. அதன் மெட்டும் எனக்கு முழுசாகத் தெரியும்.

ஆனாலும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிரேசி அக்காவின் பின்னால் போனேன்.