காரணம்: ஈரம்

அந்த நோட்டு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காக்கி அட்டை, மூலையில் காப்பிக் கறை. உள்ளே பென்சிலால் கோடு கிழித்து நாலு கட்டங்கள்: கேள்வி, முதலில் வந்த பூ, மறுபடி கேட்டார்களா, காரணம். நாலாவது கட்டத்தைப் படித்தால் இன்றும் சிரிப்பு வரும். ‘பூ எடுத்த குழந்தை தும்மிவிட்டது.’ ‘பல்லி கத்தியது.’ ‘பஸ் ஹாரன் அடித்ததில் அம்மனுக்குக் கேள்வி காதில் விழுந்திருக்காது.’ கடைசிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கேள்வியும் இருக்கிறது.

நோட்டுக்குச் சொந்தக்காரரை அடி அண்ணாமலையில் எல்லோரும் புரபசரம்மா என்றுதான் சொல்வோம். சென்னையில் முப்பது வருடம் இயற்பியல் ஆராய்ச்சி செய்துவிட்டு, செங்கம் சாலையில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். அம்மா அங்கே சமையல் செய்தாள். அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்தீர்கள் என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, ஜன்னல் வெயிலில் மிதந்த தூசியைக் காட்டினாராம். இதில் ஒரு தூசி அடுத்த நொடி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆயிரம் தூசி சேர்ந்து என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம், அந்தக் கணக்கிலேயே என் வயது போய்விட்டது என்றாராம். அம்மா வீட்டுக்கு வந்து, “நான் பெருக்காம வுட்ட தூசிய எவ்ளோ மரியாதையா சொல்றாங்க பாரு” என்றாள்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பூ கட்டிப் பார்ப்பார்கள். போர் போடலாமா, அந்த இடத்தில் பெண் எடுக்கலாமா என்று மனசு ஒரு நிலைக்கு வராதவர்கள் வருவார்கள். கேட்பவர்கள் கொண்டுவரும் பூவிலிருந்து பூசாரி ஒரு வெள்ளை அரளியை ஓர் இலையிலும் ஒரு சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் மடித்து, நாரால் கட்டி, அம்மன் முன்னால் குலுக்கிப் போடுவார். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். புரபசரம்மா தூணோரம் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். சாமியிடமே கணக்குக் கேட்கிற அம்மா என்று ஊரில் கேலி பேசினார்கள். சாமி சொல்வதற்கு நோட்டு எதற்கு என்று அம்மாவும் கேட்டாள். “சாமி சொல்றத நான் எழுதல. அதக் கேட்டுட்டு ஜனங்க என்ன பண்றாங்கன்னுதான் எழுதறேன்” என்றார் அவர்.

தொண்ணூற்றேழில் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். பெரியப்பா கூடாது என்றார். அவர் சொல்லை அப்பா அதுவரை தாண்டியதில்லை. இரண்டு நாள் கடலைக் கொல்லையிலேயே கிடந்துவிட்டு வந்து, அம்மனைக் கேட்டுவிடலாம், ஒரே ஒரு முறைதான், வருவதற்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்றார். பெரியப்பாவும் ஒப்புக்கொண்டார்.

நான் செங்கம் சாலைக்கு ஓடினேன். பூசாரி உங்களிடம் மரியாதையாக இருக்கிறார், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைக்கச் சொல்லுங்கள் என்று அழுதேன். புரபசரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். “அது மட்டும் என்னால முடியாதும்மா” என்றார். தூசி மேல் இருக்கிற அக்கறை என் மேல் இல்லையா என்று கேட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு கடுமையாக அதன் பிறகு நான் யாரிடமும் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா துண்டில் பெரிய முடிச்சாகப் பூ கொண்டுவந்தார். புரபசரம்மாவும் வந்து தூணோரம் நின்றார், கையில் நோட்டு இல்லை. பூசாரியின் பேத்தி பொட்டலத்தை எடுத்தாள். அப்பாதான் பிரித்தார். சிவப்பு.

பெரியப்பா செருப்பைத் தேடிக் கிளம்பினார். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது இப்போதும் எனக்குத் தெரிகிறது. அப்பா மட்டும் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இலை ஈரமா இருக்குது” என்றார். “இது கணக்குல சேராது. திருப்பிக் கட்டு.”

“இன்னா மாமா, ஒரு வாட்டிதான்னு நீதானே சொன்ன?” என்றார் பூசாரி.

“ஈரமா இருக்குதுன்றேன் இல்ல. கட்டுப்பா.”

பெரியப்பா, கழுவின இலை ஈரமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் முறை வெள்ளை வந்தது. பெரியப்பா எங்களோடு பேச மூன்று வருடம் ஆனது.

வேலூருக்குக் கிளம்புமுன் புரபசரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நான் பேசியதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “ஒரு தடவ கேட்டா வெள்ளை வர்றதுக்குப் பாதிதான் வாய்ப்பு. சிவப்பு வந்தா இன்னொரு தடவ கேக்கலாம்னா முக்கால். அந்தக் கூடுதல் கால் பங்கு பூவுல இல்ல. உங்கப்பா போட்டது” என்றார். ஒரு டார்ச் லைட்டும் இரண்டு பேனாவும் கொடுத்து அனுப்பினார்.

அவர் எனக்குப் பாடம் எதுவும் நடத்தியதில்லை. அன்று முடியாது என்று சொன்னார், அதற்குத்தான் நான் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் நான் கல்லூரிக்குத்தான் போயிருப்பேன். ஆனால் அம்மன் சொன்னதால் வேறு வழியில்லாமல் அப்பா அனுப்பினார் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

நான் முதுகலை முடித்து, கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த வருடம் புரபசரம்மா இறந்துபோனார். அம்மாதான் அந்த வீட்டை ஒழித்துக் கொடுத்தாள். நோட்டின் மேல் என் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கடைசிப் பக்கத்தில் எங்கள் வரி: ‘மகளின் படிப்பு. சிவப்பு. ஆம். ஈரம்.’ ஓரத்தில் சின்னதாக 3/4.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நோட்டை எடுத்துப் போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பல்லி, தும்மல், ஹாரன் எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வரி வந்ததும், நெசமாவே ஈரமாத்தான் இருந்தது என்றார். ரெண்டாவதும் சிவப்பு வந்திருந்தா இன்னாப்பா பண்ணியிருப்ப என்று கேட்டேன்.

அப்பா வேர்க்கடலைத் தோலை மடியிலிருந்து தட்டினார். “துண்டு நெறைய பூ பறிச்சினு வந்தேனே, இன்னாத்துக்குன்னு நெனச்ச?”

புரபசரம்மாவின் கணக்கு தப்பு. அப்பா இரண்டு முறையோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்துப் போட்ட கணக்கு அது. ஊரிலிருந்து திரும்பி வந்ததும் 3/4-ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 1 என்று எழுதினேன். காரணத்தில் அவர் எழுதியிருந்ததை நான் தொடவில்லை. அது சரியாகத்தான் இருந்தது.