நூற்றுப் பதினெட்டாவது ஆள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போகட்டும். யாரோ சொல்லக் கேட்டதில்லை இது. எனக்கே நடந்தது.

நான் கணக்கு வாத்தியார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஏரிக்கரையில் ஒரு சின்ன கிராமத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரே தெரு, இருபத்தொன்பது வீடு. போன கணக்கெடுப்பில் நூற்றுப் பதினெட்டுப் பேர். அதற்கு முந்தியதிலும் நூற்றுப் பதினெட்டு. அதற்கும் முந்தியதிலும் அதே. எந்தச் சோம்பேறியோ பழையதைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

காலை 9.00 மணிக்குத் தொடங்கினேன். தங்கமான ஜனங்கள். நாற்காலி போட்டார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் ஒன்று உறுத்தியது. ஏரியைப் பார்த்த ஜன்னல் எந்த வீட்டிலும் திறந்திருக்கவில்லை. பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"இதுவரைக்கும் எத்தனை சார்?"

மாலை 5.40. கடைசி வீடு. படகுக்காரரும் அவர் மனைவியும் மட்டும். எழுதி முடித்துக் கூட்டினேன்.

"மொத்தம் நூத்திப் பதினேழு."

படகுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணு குறையுதே சார்... இன்னொரு தடவை பாருங்க."

"கணக்கு வாத்தியாருக்கே கூட்டல் சொல்லித் தர்றீங்களா?"

சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"போன மாசம் ஒரு பெரியவர் தவறிட்டார்," அந்த அம்மாள் முணுமுணுத்தாள். "அதுக்கப்புறம் யார் வீட்டுலயும் குழந்தை பொறக்கல."

டொக்.

பின்கதவு.

டொக்... டொக்.

அந்தக் கதவுக்கு வெளியே படி கிடையாது. தரையும் கிடையாது. வரும்போதே பார்த்திருந்தேன். வெறும் தண்ணீர்.

"யாரு அது?"

"கேட்டு எழுதிக்கிட்டுக் கிளம்பிடுங்க சார்." படகுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கதவை மட்டும் தொறந்துடாதீங்க."

படிவத்தைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்துக் கேட்டேன்.

"பேரு?"

தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்... பிறகு ஒரு குரல்.

என் பெயரைச் சொன்னது.

"வ... வயசு?"

"முப்பத்தி நாலு."

என் வயது.

என் குரல்.

கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வந்தது... என் கால்களை நோக்கி...

ஓடினேன்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. மணி 6.15. படிவத்தைப் பிரித்தேன். கடைசி வரி நிரம்பியிருந்தது. என் பெயர். என் கையெழுத்து. சத்தியமாக நான் எழுதவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு, நூற்றுப் பதினேழு என்று போட்டு, மறுநாள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். தொல்லை விட்டது என்று இருந்தேன்.

பத்து நாள் கழித்து எங்கள் தெருவில் கணக்கெடுத்தார்கள். பிறகு அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுக்கு மூன்று பேர் என்று பதிவாகியிருந்தது. மனைவி, இரண்டு மகள்கள். நான் இல்லை.

"நான் நாலு பேருன்னுதாங்க சொன்னேன்," என்று மனைவி அடித்துச் சொன்னாள்.

எழுதிப் போன பெண்ணைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மா நாலுன்னுதான் சொன்னாங்க. நான் வெளிய வந்ததும் நீங்கதானே சார் வாசல்ல நின்னு, என் பேரை அடிச்சிடுங்க, என்னை ஏரிக்கரையில எழுதியாச்சுன்னு சொன்னீங்க?"

"எப்போ?"

"பதினொண்ணு இருபது இருக்கும்."

அந்த நேரம் நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சே சார்..."