கண்ணை மூடித் தடவியவர்

சட்டன் என்ற ஊருக்கு அப்பால் உள்ள துப்பாக்கிக் கிளப்பில்தான் அவரைச் சந்தித்தேன். நரைத்த மீசை, வெளுத்த நீலக் கோட்டு. பலமுறை சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்ப உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்து, நுனி வளைந்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடியபடி மெதுவாக இழுத்தார். தூரத்துப் பாட்டு எதையோ கேட்பவர் போலிருந்தது அந்த முகம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“அடியிலை கம்பி தடக்குது. இதை எறியுங்கோ.”

“வெளியே நல்லாத்தானே இருக்கு?”

அவர் அதை இரும்பறுக்கும் சிறு ரம்பத்தால் நெடுக அறுத்துக் காட்டினார். அடிப்பக்கத்தில் உட்புறம் சுற்றிலும் பள்ளம் விழுந்து, பித்தளை தாளாக மெலிந்திருந்தது.

“இன்னொருக்காச் சுட்டிருந்தா அடி கழண்டு, நெருப்பு உங்கட கண்ணுக்கு வந்திருக்கும். திரும்ப அளவாக்க அச்சிலை விட்டு அமத்தேக்க கோதின்ர தோளை, அந்தக் கழுத்துக்குக் கீழ்ச் சரிவை, அளவுக்கு மிஞ்சிப் பின்னுக்குத் தள்ளுறியள். அதுதான் சுடச்சுட நீண்டு மெலியுது.”

மீதியையும் அவரே தடவிப் பார்த்து ஏழு கோதுகளை ஒதுக்கினார்.

“நீங்க எப்போ சுடுவீங்க, அண்ணா?”

“நான் சுடுறேல்லை. வெடிச்சத்தம் எனக்கு ஏலாது.”

சுடத் தொடங்குவதற்கான மணி அடித்ததும் மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். வெடிச்சத்தம் ஏலாதவர் ஏன் ஞாயிறுதோறும் கிளப்புக்கு வருகிறார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.