ரப்பர் டீச்சர்

ரப்பர் டீச்சர் என்று அவருக்குப் பெயர் வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று தெரியவில்லை. அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு வெள்ளை ரப்பரையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். இருபத்தாறு வருஷமாக ஒரே தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கூப்பிடும் பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. “பிரம்பு டீச்சர்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் புண்ணியம்” என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை பள்ளியில் கண்காட்சி. அதற்காக ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மாதம் ஏதாவது செய்யும். பிள்ளைகள் வரைந்த வீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டீச்சர் அழித்து நிமிர்த்துவார். குதிரைக்கு ஐந்து கால் இருக்கும், ஒன்றை எடுத்துவிடுவார். மூக்கு, காது, விரல் என்று எல்லாம் அவர் கைபட்டே சுவருக்குப் போகும். பார்க்க வந்தவர்கள், “இது எட்டு வயசுப் பிள்ளைங்க போட்டதா!” என்று வாயைப் பிளப்பார்கள். தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிடும். கோணலும் மாணலுமாகத் தொங்கவிட்டால் பெற்றவர்களுக்குத்தானே சங்கடம் என்று டீச்சர் நினைத்தார். தவறு செய்வதாக அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்தாள். உட்கார் என்றால் ஏன் என்பாள், எழுந்திரு என்றால் எதற்கு என்பாள். ஒரே வாரத்தில் வகுப்பு அவளுக்குக் ‘குட்டி வக்கீல்’ என்று பட்டம் கட்டிவிட்டது. அப்பா இல்லை. அம்மா ஒரு சலவைக் கடையில் துணி தேய்ப்பவர்.

மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் கொடுத்த வேலை, ‘என் வீட்டில் ஒருவர்’. கெட்டி அட்டையில் பென்சிலால் ஆளை வரைந்து, முகத்துக்கும் கைக்கும் வண்ணம் தீட்டி, உடைக்குத் துணித் துண்டுகளை வெட்டிப் பசையால் ஒட்ட வேண்டும். முதல் வாரம் வரைந்தார்கள். இரண்டாம் வாரம் டீச்சர் ரப்பரோடு வரிசை வரிசையாக வந்தார்.

“என்னடி இது, ஒரு கை முழங்காலுக்குக் கீழ போகுது?”

“எங்கம்மா டீச்சர். அந்தக் கையாலதான் தேய்ப்பாங்க. அது நீளம்.”

“ஒரு கை மட்டும் யாருக்காவது நீளமா இருக்குமா?”

“நீங்க எங்கம்மாவப் பாத்திருக்கீங்களா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் குனிந்து ரப்பரை வைத்தார். சிறுமி சட்டென்று உள்ளங்கையால் படத்தை மூடினாள். டீச்சர் அந்தக் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, நீளமான கையை அழித்து, மற்றதுக்குச் சமமாக ஒரு கை வரைந்தார். அப்படியே புருவத்தையும் வாயையும் திருத்தினார். குட்டி வக்கீல் ஒரு வார்த்தை வாதாடவில்லை. மிச்ச நேரம் முழுவதும் கொடுத்த துணியை வெட்டி, சொன்ன இடத்தில் ஒட்டினாள்.

அடுத்த வாரம் அவள் காய்ச்சல் என்று வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. ஐந்தாம் நாள் காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் இறந்துவிட்டதைச் சொல்ல முடியாமல் சொன்னார். பிள்ளைகள் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். கண்காட்சியைத் தள்ளிவைக்கவில்லை. அந்தப் படத்தை டீச்சர் நடுவரிசையில் மாட்டினார். அவளுடைய அம்மா வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மதிய இடைவேளையில் வந்தார். ஓவிய அறையில் டீச்சர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“எம்பொண்ணு போட்ட படம் ஒண்ணு இருக்காமே டீச்சர்.”

“இருக்கும்மா. உக்காருங்க.”

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

“இது வேற யாரோடதோ.”

“இல்லம்மா, அவளோடதுதான். பின்னாடி பேரு இருக்கு பாருங்க.”

“வரைஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொன்னா. ‘உன்னதாம்மா போட்டிருக்கேன். ஒரு கை பெருசா இருக்கும், வந்து பாத்துட்டு சிரிக்கக் கூடாது’ன்னா. ஆஸ்பத்திரியில கூட, ‘சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு’ன்னு கேட்டா. இதுல ரெண்டு கையும் ஒண்ணா இருக்கே.”

அழித்த கதையை அவள் வீட்டில் சொல்லவேயில்லை என்று அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது.

“நான்தாம்மா அழிச்சேன்.”

“ஏன் டீச்சர்?”

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. மகள் கேட்பது போலவே இருந்தது. “கண்காட்சிக்கு அழகா இருக்கட்டும்னு” என்றார் டீச்சர்.

“நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க.”

அந்தப் பெண் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். எழுந்து நின்றபோதுதான் டீச்சர் அவரைச் சரியாகப் பார்த்தார். வருஷக்கணக்காக ஒரே பக்கம் சாய்ந்து தேய்த்ததில் வலது தோள் இறங்கிப்போயிருந்தது. கை இடது கையைவிடத் தாழ்ந்து தொங்கியது. யார் பார்த்தாலும் தெரியும்.

“எடுத்துட்டுப் போங்கம்மா” என்றார் டீச்சர்.

“வேண்டாம் டீச்சர். இது நீங்க போட்டது.”

அன்று பள்ளி விட்ட பிறகு டீச்சர் அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒரு புது அட்டையில் அந்த நீளமான கையை வரையப் பார்த்தார். அழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். எத்தனை தடவை போட்டாலும் கை அளவாகவே வந்தது. வேண்டுமென்றே இழுத்தால் கேலிப்படம் போல இருந்தது. அவள் எப்படிப் போட்டிருந்தாள் என்று யோசித்தார். நினைவில்லை. அழிப்பதற்காகப் பார்த்ததுதான், படத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கழுத்திலிருந்து ரப்பரைக் கழற்றிவிட்டார். “என்னக்கா, உடம்பு சரியில்லையா?” என்று தங்கை கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றார்.

அடுத்த வருஷம் நான்காம் வகுப்புக்குத் தாளைக் கொடுத்து, “உங்க இஷ்டத்துக்குப் போடுங்க, நான் தொட மாட்டேன்” என்றார். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“டீச்சர், எங்கப்பா எப்படி இருப்பாரு?”

“உங்கப்பாவ நான் எங்கடி பாத்தேன்?”

“நீங்க போட்டுக் காட்டுங்க டீச்சர். அப்படியே போட்டுடுறேன்.”

அந்த வருஷக் கண்காட்சியில் பாதித் தாள்கள் வெறுமையாகவே தொங்கின. மீதியில் பிள்ளைகள் போன வருஷப் படங்களை நினைவிலிருந்து வரைந்திருந்தார்கள். டீச்சருடைய மூக்கு, டீச்சருடைய புருவம். தலைமையாசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். “வயசாயிடுச்சு, முடியலன்னா சொல்லிடுங்க டீச்சர். இப்படி மானத்த வாங்காதீங்க.” டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். நடந்ததைச் சொன்னால் அதில் அந்தச் சிறுமியையும் இழுக்க வேண்டும். ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மற்ற நேரங்களில் லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சலவைக் கடைக்கு ஒரு முறை போனார். என்ன சொல்வதென்று தெரியாமலேதான் போனார். அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அந்த மூன்று வருஷமும் டீச்சர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. வாரத்துக்கு ஒரு பிள்ளையின் பக்கத்தில், அந்தக் குட்டிப் பெஞ்சிலேயே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காருவார். பிள்ளை தானாகப் போடட்டும் என்று காத்திருப்பார். பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பெரும்பாலான நாட்களில் ஒரு கோடு விழுவதற்குள் மணி அடித்துவிடும்.